கமேயா வாசலில் ஒகுமாவின் முகம்

ஹோதொகயாவில் கமேயா விடுதி வாசலில் ஒகுமா நின்ற காலத்தில், அவளைத் தாண்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போன வழிப்போக்கன் ஒருவன் இருந்தான் என்றால், அவன் பெரிய பிரபுவாகப் பல்லக்கில் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு ஒகுமா காய்ச்சலில் படுத்திருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் உள்ளே வந்து கால் கழுவினவர்கள்தான். நான் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் டோக்காய்டோ சாலையில் சுமை தூக்கின எந்தக் கிழவனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எடோ பட்டணத்தில் விடியற்காலையில் கிளம்புகிறவன் பொழுது சாயும் நேரத்துக்கு எங்கள் ஊருக்கு வந்து சேருவான். கால் விண்விண்ணென்று வலிக்கும். ஆனாலும் ஆம்பிளை வீம்பு விடுமா? இன்னும் கொஞ்ச தூரம்தானே, அடுத்த ஊர் டொட்சுகாவில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று நடையைக் கட்டுவான். எல்லாரும் அப்படியே போய்விட்டால் எங்கள் ஊர் அடுப்பில் பூனை தூங்க வேண்டியதுதான். அதனால்தான் ஒவ்வொரு விடுதி வாசலிலும் முகத்தில் வெள்ளைப் பூச்சை அப்பிக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். ஆள் வந்ததும் பாய்ந்துவிடுவார்கள். கை ஒருத்தியிடம், தொப்பி ஒருத்தியிடம், இடுப்புப் பட்டை ஒருத்தியிடம் என்று அவனைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சாயங்காலம் ஆள் பிடிக்காத பெண்ணுக்கு ராத்திரிச் சோறு என்ன லட்சணத்தில் விழும் என்பது சிரிக்கிறவர்களுக்குத் தெரியாது.

ஒகுமா நமமுகிக் கடற்கரையில் பிறந்தவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வலை இழுத்தவள். அவளுடைய அப்பன் கடலோடு போன வருஷம், வீட்டில் பசி தாங்காமல் அம்மாக்காரி முன்பணம் வாங்கிக்கொண்டு அவளைப் பத்து வருஷத்துக்குக் கமேயாவில் வேலைக்கு விட்டுவிட்டுப் போனாள். வந்த புதிதில் மற்றப் பெண்கள் அவளுடைய தோளையும் மணிக்கட்டையும் பார்த்துக் கேலி செய்தார்கள். ஒரு வாரம்தான். பிறகு கேலியை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் நிற்கப் போட்டி போட்டார்கள். அவள் மனுஷனைத் தொடவே மாட்டாள். சிரித்த முகத்தோடு, "அண்ணே, தோள் வலிக்குமே!" என்று சொல்லி மூட்டையை வாங்கிவிடுவாள். மூட்டை உள்ளே போனால் மனுஷன் பின்னாலேயே போவான். போகாமல் என்ன செய்வான்?

கமேயா முதலாளி பெயர் ஜின்பெய். இரண்டு புருவமும் நடுவில் ஒட்டி ஒரே கோடாக இருக்கும். கீழ் உதடு எப்போதும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை எடை போடுவதுதான் அவருக்கு வேலை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் விடுதிக்குள் இருக்கிற பாய், சட்டி, குதிரை, பெண் எல்லாம் ஒரே கணக்கு அவருக்கு.

பத்து வருஷம் முடிய இன்னும் ஒரு கோடைதான் பாக்கி என்றிருந்த சமயத்தில் ஒகுமா தனக்கென்று ஒரு இடம் பார்த்துவிட்டாள். டொட்சுகா எல்லையில், பைன் மர வரிசை முடிகிற இடத்தில் ஒரு தேநீர்க் கடை. அதை நடத்தின குடும்பம் மகன் ஊருக்குப் போகிறது. கடையை அவளுக்கு விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் மாதம் ஐந்தாம் தேதி வேலைக்காரர்கள் மாறுகிற நாளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நேராக அங்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். தன்னோடு வேலை செய்த ஒதானேயிடம் தினமும் இதே பேச்சு.

"என் கடையில எவனையும் இழுக்க மாட்டேன்டி. வந்தா வா, வராட்டிப் போ. நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன்."

"நீயாவது, சும்மா உட்கார்றதாவது! மூட்டையைப் பார்த்தா உன் கை நமநமன்னு அரிக்கும்," என்பாள் ஒதானே.

அந்தக் கோடையில்தான் பைரின் என்கிற ஓவியர் வந்தார். எடோவில் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்து விற்கிறார்களே, சாலைப் படங்கள், ஊருக்கு ஒன்றாக, அதற்குப் படம் எழுதுகிறவர். ஆனால் அன்றைக்கு அவரைப் பார்த்தால் ஓவியர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பல்வலியில் ஒரு கன்னம் வீங்கி, துணியால் தாடையைக் கட்டிக்கொண்டு தள்ளாடி வந்தார். ஒகுமா மூட்டையை வாங்கினாள். அவர் எதிர்ப்பே சொல்லவில்லை. ஜின்பெய் அவருக்கு ஆறிப்போன சோறும் முள்ளங்கி ஊறுகாயும் கொடுத்து, குறட்டை விடுகிற எண்ணெய் வியாபாரிகள் நடுவில் படுக்கப் போட்டார். பல்வலிக்காரன் முள்ளங்கியை எப்படிக் கடிப்பான்? ஒகுமாதான் பாவப்பட்டு, சோற்றைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் வாசலில் உட்கார்ந்து அவர் என்னவோ கிறுக்கினார். பிறகு போய்விட்டார்.

கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்கு அந்த மனுஷன் செய்த மரியாதையைக் கேளுங்கள். இலையுதிர் காலத்தில், இசே கோயிலுக்குப் போகிற கும்பல் ஒன்று படத்தைக் கொண்டுவந்தது. எங்கள் தெருதான். கமேயா என்றால் ஆமை வீடு; வாசலில் தொங்குகிற அந்த ஆமைப் பலகை அச்சு அசலாக இருந்தது. வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். மூக்கு மாவு உருண்டை. வாய் காதுவரைக்கும் பிளந்திருக்கிறது. ஒரு வழிப்போக்கனின் கழுத்தில் கட்டின சுமைத் துணியைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறாள். அவனுக்கு முழி பிதுங்குகிறது, நாக்கு வெளியே தள்ளியிருக்கிறது. அந்தத் தோளையும் மணிக்கட்டையும் பார்த்தால் யார் என்று கேட்கவே வேண்டாம்.

"அக்கா, இது நீ!" என்று கத்திவிட்டு ஒதானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒகுமா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதலில் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. வலை இழுத்த காலத்திலிருந்து அவள் தன்னைப் பற்றி ஒன்றும் பெரிதாக நினைத்துக்கொண்டது கிடையாது. இருந்தாலும் இது நான் இல்லை, இது நான் இல்லை என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஜின்பெய்க்குத் தலைகால் புரியவில்லை. படத்தை வாங்கி வாசல் தூணில் ஒட்டினார். "எடோ முழுக்க நம்ம ஆமையைப் பார்க்குதுடி! காசு குடுத்தாலும் இப்படி ஒரு விளம்பரம் கிடைக்குமா?"

"விளம்பரம் உங்களுக்கு. மூஞ்சி என்னோடது," என்றாள் ஒகுமா.

"சிரிச்சுட்டுப் போறாங்க, விடேன். உன் சதையா குறைஞ்சு போச்சு?"

குறைந்துதான் போயிற்று. அன்றிலிருந்து வருகிறவன் எல்லாம், "கழுத்தைப் பிடிக்கிறவ எங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். படத்தை அவள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தான். "வாயைத் திற, இன்னும் பெரிசா, அப்படித்தான் படத்துல இருக்கு," என்றான். ஒரு அரிசி வியாபாரி குனிந்து கழுத்தை நீட்டி, "ஒரு தடவை நெரிச்சுடும்மா, ஊர்ல போய்ச் சொல்லிக்கிறேன்," என்று நின்றான். ஒகுமா அவன் மூட்டையை எடுத்து எதிர் விடுதிக்குள் வீசிவிட்டு வந்தாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

ஜின்பெய் அன்றைக்குச் சாமியாடிவிட்டார். "வர்றவன் படத்தைப் பார்த்துட்டு வர்றான். படத்துல இருக்கிற மாதிரி செஞ்சா உனக்கென்ன கேடு? நெரிக்கச் சொன்னா நெரி!"

"நெரிக்கிறதுன்னா நிஜமா நெரிப்பேன் முதலாளி. முதல்ல யார்கிட்ட ஆரம்பிக்கட்டும்?"

பக்கத்தில் நின்ற சமையல்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜின்பெய் உதடு இன்னும் ஒரு விரல் முன்னால் வந்தது. ஆனால் அவர் சத்தம் போடவில்லை. மெதுவாகச் சொன்னார். "மூணாம் மாசம் போயிடலாம்னு பார்க்கிறியா? டொட்சுகாவுல கடை பேசி வச்சிருக்கியாமே. நானும் ஆள் அனுப்பிட்டேன். அந்த மூஞ்சி படத்துல இருக்கிற வரைக்கும் நீ என் விடுதிப் பலகைடி. பலகையை எவனாவது கழட்டிக் குடுப்பானா?"

சொன்னதைச் செய்தும் விட்டார். விடுதிக்காரர்கள் சபையில் போய்ப் பேசினார். இந்த முகத்தைப் பார்க்கத்தான் ஜனங்கள் நம் ஊரில் தங்குகிறார்கள், இவள் போனால் ஊருக்கே நஷ்டம், ஆகவே ஒகுமாவை எந்த விடுதியும் எந்தக் கடையும் சேர்க்கக் கூடாது என்றார். சபைத் தலைவரும் மற்றவர்களும் தலையாட்டினார்கள். டொட்சுகாக்காரர்களோடு இவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு. தேநீர்க் கடைக்காரர் வந்து ஒகுமாவின் முகத்தைப் பார்க்காமல், "மன்னிச்சுக்கம்மா, பெரியவங்களைப் பகைச்சுக்க முடியல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. ஒதானே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தலையெழுத்துன்னு இருந்துடுக்கா," என்றாள்.

"எந்தத் தலையெழுத்து? அந்தத் தாடை வீங்கினவன் எழுதினதா? அவன் எழுதினதை அவனே அழிக்கட்டும்," என்றாள் ஒகுமா.

புது வருஷம் பிறந்து பதினாறாம் நாள் வேலைக்காரர்களுக்கு விடுமுறை. வருஷத்தில் இரண்டே தடவை வருகிற நாள். ஊரிலுள்ள பெண்கள் எல்லாம் அம்மா வீட்டுக்கு ஓடினார்கள். ஒகுமா நமமுகிக்குத்தான் போனாள், ஆனால் அம்மா வீட்டுக்கு அல்ல. சித்தப்பா மகனின் மீன் படகு விடியலுக்கு முன்னாலேயே எடோ சந்தைக்குப் புறப்படும். அதில் ஏறி மீன் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். நிஹொன்பாஷிப் பாலத்தடியில் இறங்கும்போது அவள்மீது கெளுத்தி வாடை அடித்தது. அதைப் பற்றியெல்லாம் அவள் கவலைப்படவில்லை.

அந்தப் படத்தை அச்சடித்து விற்ற கடை பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. நமிகியா என்று பெயர். விடுமுறை நாள் ஆனதால் எடோவின் கடைப் பையன்களும் வேலைக்காரப் பெண்களும் புதுத்துணி உடுத்திக்கொண்டு தெருவை அடைத்து நின்றார்கள். நமிகியா வாசலில் கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்தது. நடிகர்கள், மல்லர்கள், மழை பெய்கிற பாலம், பனி விழுகிற மலை. நடு வரிசையில் ஒகுமா. ஒன்றல்ல, வரிசையாக, காற்றில் ஆடிக்கொண்டு, காதுவரைக்கும் வாயைப் பிளந்துகொண்டு. இரண்டு பெண்கள் அதைப் பார்த்து ஒருத்தி கழுத்தை ஒருத்தி பிடித்து விளையாடினார்கள்.

ஒகுமா உள்ளே போனாள். கடைக்காரர் சென்ஷிச்சி கொழுகொழுவென்று, பார்த்தாலே பேசத் தோன்றுகிற முகம். பின்கட்டில் பைரின் உட்கார்ந்து அரிசி உருண்டையை ஒரு பக்கமாக வைத்து மென்றுகொண்டிருந்தார். அந்தப் பல் இன்னும் சரியாகவில்லை போலும். அவளைப் பார்த்ததும் உருண்டை தொண்டையில் அடைத்துக்கொண்டது.

"கஞ்சி நல்லா இருந்துச்சா ஐயா?" என்று கேட்டாள் ஒகுமா.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சென்ஷிச்சி அவளை மேலும் கீழும் பார்த்துக் கைகொட்டினார். "அட, நீதானாம்மா அது! வா, வா. உன்னால இந்த வருஷம் கடையில விளக்கு எரியுது."

"என் மூஞ்சியை அதுலருந்து எடுங்க."

"என்னம்மா இப்படிச் சொல்ற? உலகத்துல எத்தனை பேருக்கு இந்தக் குடுப்பினை கிடைக்கும்?"

"சுமைத் துணியில உங்க கடைச் சின்னம் போட்டிருக்கு. தொப்பியில உங்க சின்னம். குதிரை வயித்துத் துணியில கூட உங்க சின்னம். எல்லா இடத்துலயும் உங்க பேரைப் போட்டுக்கிட்டீங்க, மூஞ்சிக்கு மட்டும் என்னைத் தேடி வந்தீங்களா? எடுங்க."

சென்ஷிச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் விற்கிற படத்தை எந்த வியாபாரி தொடுவான்? "வித்து முடியட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு வேறு ஆளைப் பார்க்கத் திரும்பினார்.

"சரி. எனக்கு இன்னைக்கு லீவுதான். சாயங்காலம் வரைக்கும் வாசல்ல நிற்கிறேன்," என்றாள் ஒகுமா. வெளியே போனாள். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினாள். கை விரல்களைச் சொடக்கினாள்.

எதிர்ச் சாரியிலும் ஒரு படக்கடை இருந்தது. நமிகியாவோடு போட்டி போட முடியாமல் ஈ ஓட்டுகிற கடை. ஒகுமா அதைப் பார்த்து வைத்துக்கொண்டாள். நமிகியாவுக்குள் நுழையப் போன முதல் பையன் கையிலிருந்த மூட்டை அடுத்த கணம் அவள் கையில் இருந்தது. "தம்பி, கை வலிக்குமே! இங்க என்னப்பா இருக்கு, எல்லாம் போன வருஷத்துச் சரக்கு. அங்க வா, அக்கா காட்டறேன்." அவன் என்ன ஏது என்று யோசிப்பதற்குள் எதிர்க்கடைக்குள் நின்றான். அடுத்து இரண்டு பெண்கள். அடுத்து ஒரு தச்சன். அடுத்து குழந்தையோடு ஒரு குடும்பம். குழந்தையைத் தூக்கிக்கொண்டாள், குடும்பமே பின்னால் வந்தது. எடோக்காரர்கள் இதையெல்லாம் எங்கே கண்டார்கள்? ஹோதொகயாவில் சாயங்காலம் பசியோடு போட்டி போட்டுத் தேறின கை அது.

யாரோ ஒருவன் கத்தினான். "டேய், படத்துல இருக்கிறவடா! கழுத்தைப் பிடிக்கிறவ!"

தெரு முழுவதும் திரும்பிற்று. சென்ஷிச்சி ஒரு நொடி சந்தோஷப்பட்டார். படம் இனிமேல் பறக்கும் என்று நினைத்தார் பாவம். ஜனங்கள் படத்தைப் பார்க்கவில்லை. ஒகுமா போகிற இடத்துக்குப் போனார்கள். அவள் போனதெல்லாம் எதிர்க்கடைக்கு. அந்தக் கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக வெளியே வந்து அவளுக்குச் சூடாகச் சாகே மது ஊற்றிக் கொடுத்தார். அவள் நின்றபடியே குடித்துவிட்டு, இன்னொரு ஆளின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனாள். கோபம் அவளுக்குக் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் எத்தனையோ வருஷமாக மற்றவனுக்கு இழுத்த கை இன்றைக்குத் தனக்காக இழுக்கிறது என்று நினைக்கும்போது உள்ளுக்குள் ஒரு திமிர் பொங்கிற்று. அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மதியம் தாண்டினதும் நமிகியாவில் ஈ காக்கை இல்லை. சென்ஷிச்சி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"நிறுத்தும்மா தாயே! உனக்கு என்னதான் வேணும்?"

"காலையிலேயே சொன்னேனே. காது கேக்கலையா?"

உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கட்டை செதுக்குகிற மொசுகே பக்கத்துச் சந்தில் குடியிருந்தார். அவரையும் கூப்பிட்டு வந்தார்கள். மொசுகே கொட்டாவி விட்டுக்கொண்டே கட்டையைத் தடவிப் பார்த்தார்.

"கோடு இருக்கிற கட்டை ஒண்ணைத் தொட்டாப் போதும். கலர்க் கட்டைங்க அப்படியே இருக்கட்டும். மூஞ்சி அளவுக்குத் தோண்டி எடுத்துட்டு, புதுசா ஒரு செர்ரித் துண்டை அடிச்சு இறக்கிச் செதுக்கிடறேன். பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சுடும்."

"அதிகாரி முத்திரை வாங்கின படமாச்சேய்யா!" என்று சென்ஷிச்சி இழுத்தார்.

"முத்திரை ஓரத்துல இருக்கு. ஒரு பொம்பளை மூக்கு மாறினதுக்காக அரசாங்கம் படையெடுத்து வருமா?"

"அதுக்கில்லை. வேற என்ன மூஞ்சியை வைக்கிறது? லட்சணமா ஒண்ணு வச்சா எவன் வாங்குவான்? பார்த்ததும் சிரிப்பு வரணுமே!"

எல்லாரும் பைரினைப் பார்த்தார்கள். அவர் தாடையைப் பிடித்துக்கொண்டார். "நான் வேணும்னு செய்யலம்மா," என்று முனகினார். "பல் வலி உயிர் போச்சு. அந்த விடுதியை நினைச்சாலே யாரோ கழுத்தைப் பிடிச்சு நெரிக்கிற மாதிரி இருந்துச்சு. கண்ணுக்கு முன்னால நின்னது நீதான். உன் மேல ஏத்திட்டேன்."

"உங்களை அந்த எண்ணெய்க்காரங்களுக்கு நடுவுல படுக்கப் போட்டது நானா?" என்று கேட்டாள் ஒகுமா. "ஆறின சோத்துல முள்ளங்கியை வச்சுக் குடுத்தது நானா? கழுத்தை நெரிச்சவன் வாசல்ல உட்கார்ந்திருந்தானே, ஒத்தைப் புருவத்தோட. அவன் மூஞ்சி ஞாபகம் இருக்கா இல்லையா?"

பைரின் நிமிர்ந்தார். வீங்கின கன்னத்துக்கு மேலே கண் இரண்டும் மின்னின. மெல்லிய தாள் ஒன்றை எடுத்து, தூரிகையை நனைத்து, ஒரே இழுப்பில் புருவத்தைப் போட்டார். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரே கோடு. அடுத்து, முன்னால் தள்ளின கீழ் உதடு. மேலே பெண்பிள்ளைக் கொண்டையும் சீப்பும் படத்தில் இருந்தபடியே இருந்தன. சென்ஷிச்சி எட்டிப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது விக்கும்யா! முன்னதை விட இதுதான் விக்கும்!"

மொசுகே உளியை வைத்துத் தட்டினார். முதலில் மூக்கு போயிற்று. பிறகு பிளந்த வாய். ஒகுமா பக்கத்தில் மண்டியிட்டு ஒவ்வொரு சிராயும் தெறிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. தோண்டி எடுத்த துண்டை மொசுகே அவளிடம் நீட்டி, "ஞாபகத்துக்கு வச்சுக்கறியா?" என்றார்.

"எனக்கெதுக்கு? அடுப்புல போடுங்க. தண்ணி கொதிக்கட்டும், எல்லாரும் டீ குடிப்போம்."

மறுநாள் அவள் திரும்பி வந்ததும், பிந்தி வந்ததற்காக ஜின்பெய் வாய்க்கு வந்தபடி வைதார். எடோவுக்குப் போனதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. ஒதானேயிடம்கூடச் சொல்லவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு மாதம்தான் என்று ஒதானே பிற்பாடு சொல்வாள்.

இரண்டாம் மாத நடுவில் எடோவிலிருந்து ஒரு கும்பல் வந்தது. கையில் புதுப் படம். வாசலில் நின்ற ஒகுமாவைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள். "இவ இல்லடா," என்றான் ஒருவன். ஒதானேயைப் பார்த்தார்கள். "இவளும் இல்ல." அப்போது ஜின்பெய் வாய் நிறையச் சிரிப்போடு எழுந்து வந்து, "வாங்க, வாங்க, கழுத்தைப் பிடிக்கிற வீடு இதுதான்!" என்றார். கும்பல் அவர் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு தெருவே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"அண்ணே, கொண்டை எங்க அண்ணே?"

"உதட்டைப் பாருடா, அதே உதடு!"

"முதலாளி, ஒரே ஒரு தடவை நெரிச்சுடுங்க!" என்று ஒருவன் கழுத்தை நீட்டினான்.

படத்தைப் பிடுங்கிப் பார்த்த ஜின்பெய்யின் முகம் போன போக்கை நான் என்னவென்று சொல்வேன். உள்ளே ஓடினவர் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு தினமும் ஆள் வந்தது. ஒகுமாவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூணில் ஒட்டின பழைய படத்தை ஜின்பெய்யே கிழித்தார். அடுத்து சபை கூடினபோது அவர், ஒகுமாவின் முகத்தால்தான் ஊருக்கு வரும்படி என்று பழையபடி ஆரம்பித்தார். சபைத் தலைவர் புதுப் படத்தை எடுத்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். இது ஒகுமா என்றால் பொய். இது நான் என்றால் மானம் போச்சு. ஜின்பெய் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பலகை யார் என்று தெரிந்துபோனதால் ஒகுமாவைத் தடுக்க யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. டொட்சுகா தேநீர்க் கடைக்காரர் மறுநாளே ஆள் அனுப்பினார்.

மூன்றாம் மாதம் ஐந்தாம் தேதி காலையில் ஒகுமா மூட்டையைக் கட்டினாள். முறைப்படி முதலாளியிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும். பின்கட்டு அறைக்குப் போய் மண்டியிட்டு, தலை தரையில் பட வணங்கினாள். ஜின்பெய் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"யார் வேலைடி இது?" என்றார்.

"என் வேலைதான் முதலாளி. நான்தான் எடோவுக்குப் போனேன். உங்க புருவத்தை நான்தான் ஞாபகப்படுத்தினேன்."

அவர் திரும்பினார். அப்படி நேராகச் சொல்லுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. "தின்ன சோத்துக்குத் துரோகம் பண்ணிட்டியே!"

"தின்ன சோத்துக்குப் பத்து வருஷம் இழுத்துக் கொட்டியிருக்கேன். கையைத்தான் உங்களுக்கு விட்டாங்க. மூஞ்சியை யாரும் விக்கல."

"இந்தச் சாலையில நீ எப்படிப் பொழைக்கிறேன்னு பார்த்துடறேன்."

"பாருங்க. நல்லா வெளிய வந்து, வாசல்ல நின்னு பாருங்க," என்றாள் ஒகுமா. எழுந்தாள். ஒதானே அழுதுகொண்டே தெருமுனைவரைக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

டொட்சுகாவில் ஒகுமா வெகுகாலம் இருந்தாள். கல்யாணம் செய்துகொண்டாள், கட்டினவன் குதிரைக்காரன், வாயில்லாத மனுஷன், இந்த வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்பான். யாரையும் இழுக்க மாட்டேன் என்று சொன்னவள், முதல் நாள் சாயங்காலமே ஒரு சாமியாரின் மூட்டையைப் பிடுங்கிவிட்டாள் என்று கேள்வி. இருக்கட்டும், அது அவள் கடை. முகத்துக்கு வெள்ளைப் பூச்சு மட்டும் அதற்கப்புறம் அவள் பூசவே இல்லை.

மேற்கேயிருந்து எடோவுக்குப் போகிறவர்கள் அவள் கடையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். சில பேர் எடோவுக்குப் போய்வந்த கூட்டாளிகள் கொடுத்த படத்தை மடியிலிருந்து எடுத்து, "ஏம்மா, இந்தப் பொம்பளை இந்தப் பக்கத்துலதான் எங்கேயோ இருக்காளாமே, உனக்குத் தெரியுமா?" என்று கேட்பார்கள்.

ஒகுமா கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்ப்பாள். அவசரமே படமாட்டாள்.

"தெரியாம என்ன? அடுத்த ஊர்தான். நேரா போங்க, இடது கைப் பக்கம் ஆமைப் பலகை தொங்கும். கூப்பிட்டா வெளிய வர மாட்டாரு, உள்ளே போய்த்தான் பார்க்கணும். யார் சொல்லி அனுப்பினாங்கன்னு கேட்டா ஒகுமா பேரைச் சொல்லுங்க. பேரை மறந்துடாதீங்க, என்ன?"